மதினியின் வலது கால்

ஏப்ரல் 9, செவ்வாய்

வீடு துடைக்க வரும் இசக்கியம்மாள்தான் முதலில் கண்டாள். "தரையில ஈரமா வட்டம் வட்டமா இருக்குக்கா. துடைக்கத் துடைக்க வருது." வட்டங்களைத் தொடர்ந்து போனேன். பூஜை அறையில் மதினி உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஐம்பது காசு அளவுக்குக் குழி. சர்க்கரையால் உணர்ச்சியே இல்லாமல் போன கால். எத்தனை நாளாக இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

இவர், என் வீட்டுக்காரர், கயத்தாறில் காற்றாலை வேலையில். சனிக்கிழமைதான் வருவார். "அக்காவ நீயே கூட்டிட்டுப் போயிரு வடிவு" என்று போனில் சொன்னார். கல்லூரியில் அரைநாள் விடுப்பு எடுத்து, பாளையங்கோட்டையில் இருக்கும் கால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அருள்மேரி சின்ன வயது. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் மதினிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் பேசினார். புண் மேல் உடல் எடை விழாமல் தாங்குகிற பூட்ஸ் வந்திருக்கிறதாம், முழங்கால் வரை. அதில் இரண்டு வகை. பட்டையைப் பிரித்துக் கழற்றக்கூடியது ஒன்று. மேலே பிளாஸ்திரி சுற்றி, கழற்றவே முடியாமல் ஒட்டிவிடுவது மற்றொன்று. "ஒட்டினாத்தான் சீக்கிரம் ஆறும். ஆனா கழற்றுறது வசதி. எதுவானாலும் வீட்டுக்குள்ள பாத்ரூம் போனாலும் போட்டுத்தான் நடக்கணும். அம்மா போட்டிருப்பாங்களா?"

"கழற்றுறதே போதும் டாக்டர். எங்க மதினி ரொம்பக் கட்டுப்பாடானவங்க" என்றேன்.

பொய் இல்லை. எதில் கட்டுப்பாடு என்று டாக்டர் கேட்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

பூட்ஸ் வாசல்படிக்கு வெளியே நிற்கிறது, இவருடைய பழைய செருப்புக்குப் பக்கத்தில். மதினி நேற்று ஆட்டோவிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்து, நான்கு பட்டைகளையும் பிரித்து, வெறுங்காலோடு உள்ளே வந்தார். முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீசில் இருந்தவர், கடைசி ஒன்பது வருடம் போஸ்ட்மாஸ்டர். ஐந்து மணிக்குக் கதவை மூடினால் கலெக்டர் வந்தாலும் திறக்க மாட்டார் என்று பேர்.

"உள்ளேயும் போட்டு நடக்கணும்னு அந்தப் புள்ள சொல்லுது. அப்பா காலத்துல இருந்து இந்தப் படிய ஒரு செருப்பு தாண்டினதில்ல. நீ என்ன சொல்லுத?"

"உங்க வீடு மதினி. உங்க இஷ்டம்."

வீடு அவர் பேரில்தான் இருக்கிறது. அதைக் கல்யாணமான வாரமே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மதியம் கீரைக் கூட்டு, அப்பளம். மதினிக்கு அரைக் கரண்டி சோறு.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. காலையில் கனி பார்த்தாயிற்று. பாயசம் வைத்தேன். மதினிக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாக, வெறும் பாலும் சேமியாவும். "இத எதுக்குட்டி பாயசம்னு சொல்லுத, சேமியா கஞ்சின்னு சொல்லு" என்றார். இவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர்களை நினைக்கிற நாள். அதனால் எழுதுகிறேன்.

2013 ஆவணியில் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்து இருபத்திரண்டு நாள் இங்கே இருந்தாள். அவளுக்கும் இதே சீக்கு, இதே இடம், ஆனால் இடது கால். அவள் புண் சின்னது, மிளகு அளவு. ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். மெத்தென்ற ரப்பர், வீட்டுக்குள்ளும் போட வேண்டியது. முதல் நாள் வாசலில் மதினி நின்றுகொண்டு சொன்னார்: "வெளிய எவ்வளவு வேணும்னாலும் போடட்டும். படி தாண்டி வேண்டாம்."

செருப்பு வாசல் தட்டுக்குப் போனது. சம்பந்தி வீட்டில் வாய் திறக்க அம்மாவுக்குத் தெரியாது. இருபத்திரண்டு நாள் இந்தச் சிமிட்டித் தரையில் நடந்தாள். ஊருக்குப் போகும்போது குதிகாலால் நடந்தாள். ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த ஐப்பசிக்கு அவள் இல்லை.

மதினி துஷ்டி கேட்க வந்திருந்தார். "சுகர் பொல்லாதது" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவ்வளவுதான். நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வாக்கியம். அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். அது வரும்வரை எனக்கு அவசரம் இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலை, மதியம், மாலை என்று கட்டங்கள். பூட்ஸ் போட்டிருந்தால் டிக். துணைக்கு இருப்பவர் எழுத வேண்டும். ஏழு நாளைக்கும் சேர்த்து இருபத்தொரு டிக் போட்டேன். ஒரே பேனா என்று தெரியாமல் இருக்க, நடுவில் பென்சில்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போடப் போனோம். மதினி பூட்ஸோடு கம்பீரமாக வரிசையில் நின்றார். போலீஸ்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். "கால்ல அடியாம்மா?" "இல்ல, ராணுவத்துல சேர்ந்திருக்கேன்" என்றார். வரிசையே சிரித்தது. வெளியே ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தார். வீடு வந்ததும் கழற்றிவிட்டு, சமையலறைக்கும் பூஜை அறைக்கும் நாற்பது தடவை நடந்தார். நான் எண்ணினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பரீட்சை மேற்பார்வை இருந்ததால் மருத்துவமனைக்குப் போகவில்லை. போனில் நாளைத் தள்ளிவைத்தேன். வேறு யாரையாவது மேற்பார்வைக்குக் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 27, சனி

மதினியின் அறையில் ஒரு வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இவரும் வந்திருக்கிறார், ஆனால் ஜலதோஷம் என்று மூக்கடைத்துக் கிடக்கிறார்.

அம்மாவின் அறையில் வந்த அதே வாடை.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று மாட்டிக்கொண்டேன்.

பூட்ஸுக்குள் பொத்தான் அளவில் ஒரு கருவி இருக்கிறதாம். எத்தனை அடி, எவ்வளவு நேரம் என்று எல்லாம் பதிகிறது. முதல் நாளே இடது கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அது குளிக்கும்போதும் கழற்றாதது. பூட்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் மொத்த நடையையும் அது எண்ணும். நான் அதைச் சர்க்கரைக்கான ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். விலங்கியல் எம்.எஸ்சி. படித்தவள்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஜெபா. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு நாளைக்கு மதினி நடந்தது இரண்டாயிரத்து நூறு அடி. அதில் பூட்ஸோடு நடந்தது இருநூற்றுச் சொச்சம்.

"அக்கா, நீங்க எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டிருக்கீங்களே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் மதினி சொன்னார்: "நான்தாம்மா போடச் சொன்னேன். அவ சொன்ன பேச்சு கேக்குறவ."

டாக்டர் என்னை விட்டுவிட்டு மதினியைத் திட்டினார். புண் இரண்டு மடங்கு. உள்ளே சீழ் பை. எலும்புக்குப் போயிருந்தால் விரலோ, அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது, இதுவரை. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உறிஞ்சும் கருவி ஒன்றை மாட்டி அனுப்பினார்.

என்னை மதினி காப்பாற்றியதுதான் இன்று எனக்கு நடந்த பெரிய அவமானம்.

மே 2, வியாழன்

புண்ணுக்குள் கறுப்புப் பஞ்சு. மேலே கண்ணாடி மாதிரி ஒட்டுத்தாள். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி. உள்ளே இருக்கும் மோட்டார் நாள் முழுக்க மெல்ல உறுமிக்கொண்டே புண்ணில் ஊறுவதை இழுக்கிறது. மதினி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பழைய தபால் பை மாதிரி இருக்கு" என்கிறார்.

அந்தப் பெட்டி படி தாண்டி வந்தது. சமையலறைக்குப் போகிறது. சீழும் ரத்தமும் நிறைந்த குப்பியோடு பூஜை அறைக்குள் விளக்கேற்றுகிறது. சீழுக்கு அனுமதி உண்டு. அம்மாவின் ரப்பர் செருப்புக்கு இல்லை.

மே 5, ஞாயிறு

ஒட்டுத்தாள் ஓரம் விட்டுப்போய்க் காற்று புகுந்தால் பெட்டி கத்தும். காலையில் கத்தியது. எப்படி ஒட்டுவது என்று ஜெபா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். மதினியின் காலை மடியில் வைத்து ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. பஞ்சு விலகிய ஓரத்தில் புண் தெரிந்தது. சிவப்பாக, ஈரமாக, மாதுளம்பழத்தை உடைத்த மாதிரி. கருவி வேலை செய்கிறது.

அது கத்தும்போது கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சாமல் இருந்தால் உள்ளே அழுகத் தொடங்கும் என்று ஜெபா சொல்லியிருக்கிறாள்.

விட்டுவைக்கவில்லை. சத்தம் தாங்க முடியவில்லை, அதனால்தான்.

மே 9, வியாழன்

குப்பி மாற்றியாயிற்று. இசக்கியம்மாள் வரவில்லை. நானே துடைத்தேன்.

மே 14, செவ்வாய்

நிறைய எழுத வேண்டும்.

உறிஞ்சும் கருவியைக் கழற்றினார்கள். சீழ் இல்லை, குழி பாதி நிரம்பியிருக்கிறது. டாக்டர் சொன்னார், இனி பாரம் விழாமல் இருந்தால் ஆறும், விழுந்தால் திரும்பவும் பழைய கதைதான், இந்த முறை விரல் போகும். "ஒட்டிவிட்டுறலாமா? வாரம் ஒரு தடவை நாங்களே வெட்டித் திறந்து பாத்துட்டு மறுபடி ஒட்டுவோம். நடுவுல கழற்ற முடியாது. வீட்டுல ஒத்துக்குவீங்களா?"

மதினி சேலை முந்தானையைத் திருகினார். "அப்ப வீட்டுக்குள்ள எப்படிம்மா போறது?"

"நடந்துதான்" என்றார் டாக்டர்.

நான் பேசாமல் இருந்தால் மதினி வேண்டாம் என்றிருப்பார். இரண்டு மாதத்தில் விரல் போயிருக்கும். எல்லாரும் என்னைப் பாவம் என்றிருப்பார்கள், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றிருப்பார்கள். அந்தக் காட்சியைத்தான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காலை வெட்டிவிட்டால் அவர் கட்டிலில் படுத்துக்கொள்வார். படியை மறந்துவிடுவார். சுகர் பொல்லாதது என்று முடித்துவிடுவார். இரண்டு காலும் இருக்க வேண்டும். அந்தக் காலோடு, செருப்போடு, அந்தப் படியை அவர் தாண்டுவதை நான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும்.

"ஒட்டிருங்க டாக்டர்" என்றேன்.

ஆட்டோவில் மதினி வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கொக்கிரகுளம் பாலத்தில் நெரிசல். வண்டி நின்றபோது திரும்பாமலே சொன்னார்: "முதல் நாளும் நீதான் சொன்ன. இன்னைக்கும் நீதான் சொல்லுத."

"என்ன மதினி?"

"திரைக்கு இந்தப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் பேசினது அந்தப் பக்கம் கேக்காதா? துணிதான் அது."

"அப்ப ஏன் பேசாம இருந்திய?"

"எனக்கும் கழத்துறதுதான் வேண்டியிருந்துச்சு. உனக்கு என்ன வேண்டியிருந்துச்சுன்னு நான் கேக்கல."

வீட்டு வாசலில் கம்பியைப் பிடித்து நின்றார். கை பழக்கத்தில் குனிந்து பட்டையைத் தேடியது. பட்டை இல்லை, மொழுமொழுவென்று வெள்ளைப் பிளாஸ்திரி. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கோணிச்சாக்க விரியேன் வடிவு. அது மேல நடந்து வாரேன்."

"வழுக்கும் மதினி."

"துணியாவது சுத்து."

"துணியும் வழுக்கும்."

சரியான பதில்தான். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் டாக்டருக்காக நான் சொல்லவில்லை. உள்ளே நின்று, கை கொடுக்காமல், காத்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். ஆட்டோக்காரர் காசு வாங்கி, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மதினி வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். டொக்கென்று ஒரு சத்தம். பிறகு இடது கால். பிறகு டொக். தன் அறை வரைக்கும் பதினாறு டொக்.

அழுவார் என்று நினைத்தேன். முறுக்கு இருக்கா என்று கேட்டார்.

மே 15, புதன்

டொக். டொக். எழும்போதே அந்தச் சத்தம். நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

வெட்டித் திறந்தார்கள். புண்ணின் நீளம் 1.6 செ.மீ. ஜெபா படத்தைக் காட்டினாள். ஓரத்தில் புதுத் தோல், முட்டை ஓட்டின் உள்சவ்வு மாதிரி. திரும்ப ஒட்டியாயிற்று.

மே 24, வெள்ளி

மதினி பூஜை அறைக்குள் போவதில்லை. பத்து நாளாக நிலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். விளக்கு நான் ஏற்றுகிறேன். "திரி கொஞ்சம் வெளிய இழு. பூ அந்தப் படத்துக்கும் வை." வெளியே இருந்தபடியே அதிகாரம். வெள்ளிக்கிழமை என்பதால் இன்று அரை மணி நேரம். உள்ளே நான், வெளியே அவர்.

"உள்ள வாங்களேன் மதினி. சீக்குன்னு சாமிக்குத் தெரியாதா" என்றேன். குத்தத்தான் சொன்னேன்.

"சாமிக்குத் தெரியும். எனக்கும் தெரியும்லா."

என்ன தெரியும் என்று சொல்லவில்லை. அந்த வாக்கியம் வந்துவிடும் என்று விளக்கில் எண்ணெய் விடாமல் நின்றேன். "எண்ணெய விடு, அணைஞ்சிரப் போவுது" என்றார்.

ஜூன் 4, செவ்வாய்

0.9. டாக்டர் என்னைப் பாராட்டினார். வீட்டில் இப்படி ஓர் ஆள் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார். மதினி, "ஆமா, அவ இல்லன்னா இந்தக் கால் இல்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எந்த அர்த்தத்தில் என்று இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, சனி

இவர் வந்திருக்கிறார். "அக்கா பூட்ஸோட வீட்டுக்குள்ள நடக்கத நான் பாப்பேன்னு நினைக்கல. எப்படி வடிவு சம்மதிக்க வச்ச?" என்றார்.

2013இல் இவரும் வாசலில்தான் நின்றார். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் ஸ்டாண்டு போட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

0.3.

ஜூலை 2, செவ்வாய்

மூடிவிட்டது. சின்ன ரம்பத்தால் பிளாஸ்திரியை அறுத்து பூட்ஸை எடுத்தபோது கால் மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல வந்தது. புண் இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு தழும்பு. இனி ஆயுசுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளும். ஜெபா அளவெடுத்துக் கொடுத்தாள். மதினி மறுபேச்சுப் பேசாமல் அதைப் போட்டுக்கொண்டு படி தாண்டினார். இந்த முறை டொக் சத்தம் இல்லை. ரப்பர் சத்தம் போடாது.

வாசலில் நான் நின்றது அவருக்குத் தெரியும். நிற்கவில்லை, பார்க்கவில்லை, போய்விட்டார். மூன்று மாதம். கால் ஆறிவிட்டது, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

கல்லூரி திறந்தாயிற்று. இன்று நான்கு மணிக்கே வந்துவிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வாசலில் குரல். மதினியோடு தபால் ஆபீசில் வேலை பார்த்த வேலம்மாள், காலை விசாரிக்க வந்திருந்தார். அவருக்கும் சுகர். காலில் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு. படியில் உட்கார்ந்து பட்டையைப் பிரிக்கப் போனார்.

"போட்டுட்டே வா வேலு" என்றார் மதினி. "எங்க வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டோம்."

துருவல் கையோடு நான் முன்கட்டுக்கு வந்துவிட்டேன்.

"எப்பத்துல இருந்து மதினி?"

வேலம்மாள் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"என்னட்டி?"

"எப்பத்துல இருந்து பாக்க மாட்டோம்? எங்க அம்மைய இதே படியில நிறுத்திப் படி தாண்டி வேண்டாம்னிய. புண்ணோட வெறுங்கால்ல இருபத்திரண்டு நாள் நடந்தா. அந்தக் கால் போச்சு. அவளும் போயிட்டா. இவங்க முன்னால சொல்லுங்க. சொன்னியளா இல்லியா?"

நான் கத்தவில்லை. இவ்வளவு வருடம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததால், வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி வந்தது.

மதினி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். என் உயரத்துக்கு வந்து நின்றார்.

"ஆமா. நான்தான் சொன்னேன். பெரிய தப்பு."

அந்த வாக்கியம். நான் கேட்டதைவிட இரண்டு சொல் கூடவே கொடுத்தார். அவர் முடிக்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

"சொன்னது நானு. கீழ உக்காந்து அவுக கால்ல இருந்து செருப்பக் கழத்தி, தட்டுல கொண்டுவச்சது நீ. உங்க அம்மை என்னையப் பாக்கல வடிவு. உன்னையத்தான் பாத்தாவ."

குரலில் குத்தல் இல்லை. கவுண்டரில் தப்பான முகவரியைத் திருத்தி, தாளைத் திரும்ப நீட்டுகிறவர் குரல்.

"காப்பி போடட்டுமா?" என்று வேலம்மாளிடம் கேட்டேன். என் குரல்தான் அது. "சீனி போடாம."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் ரிட்டயரான யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி டம்ளரை வாங்கும்போது என் கையைப் பார்த்தார். தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

அம்மாவின் செருப்பில் இரட்டைப் பட்டை. மேல் பட்டை சுலபமாகப் பிரிந்தது. கீழ்ப் பட்டை புதுசானதால் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். அம்மா என் தலையில் கை வைத்து, "மெதுவா, நகம் ஒடிஞ்சிரும்" என்றாள்.